வாசகர் கேள்வி – பதில்: இந்த மாதம் முழுக்க க்ரோனோ ட்ரிகர்

போன இதழில் பழைய ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களைப் பற்றி எழுதும்போது, ‘ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் க்ரோனோ ட்ரிகர் விளையாடுங்கள்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த வரிக்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கங்களை நிரப்பிவிட்டன. கதையின் நடுவில் வரும் பெரிய திருப்பத்தை எங்கேயும் உடைக்கவில்லை. ரோபோ என்ற கதாபாத்திரத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் கதையைச் சொல்லாமல் பதில் சொல்ல வழியில்லை. புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை இப்போதைக்குத் தாண்டிப் போய்விடுங்கள்.

1995-இல் வந்த கேமை இன்றைக்கு எதற்கு விளையாட வேண்டும்? கதைதான் என்ன?
– கல்லூரி மாணவர், ஈரோடு

கி.பி. 1000. கார்டியா என்ற சின்ன ராஜ்ஜியத்தில் ஆயிரமாண்டுத் திருவிழா. அம்மா எழுப்பிவிட, க்ரோனோ என்ற பையன் திருவிழாவுக்குக் கிளம்புகிறான். கூட்டத்தில் மார்ல் என்ற பெண்ணோடு மோதிக்கொள்கிறான். அவனுடைய தோழி லூக்கா, ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரம் ஒன்றைச் செய்து அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறாள். மார்ல் அதில் ஏறி நிற்கிறாள். அவள் கழுத்திலிருக்கும் பதக்கம் இயந்திரத்தோடு சேர்ந்து ஏதோ செய்துவிட, காற்றில் ஒரு வாசல் திறந்து அவளை விழுங்குகிறது. க்ரோனோ பின்னாலேயே போகிறான். போய்ச் சேரும் வருஷம் கி.பி. 600.

அங்கிருந்து ஒவ்வொரு காலமாக விரிகிறது. கி.பி. 2300-க்குப் போகும்போது உலகம் சாம்பலாகக் கிடக்கிறது. மக்கள் குவிமாடங்களுக்குள் பசியோடு ஒடுங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு பழைய கணினியில் 1999-ஆம் வருஷத்தின் பதிவு ஓடுகிறது: பூமிக்கு அடியிலிருந்து லாவோஸ் என்ற உயிர் வெடித்து வெளியே வந்து எல்லாவற்றையும் அழிக்கிறது. க்ரோனோவும் மார்லும் லூக்காவும் செத்து ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்து நடக்கப்போகிற விஷயம் அது. அவர்கள் வீட்டுக்குத் திரும்பி நிம்மதியாக வாழ்ந்துவிட்டுப் போகலாம், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் மார்ல், இதை நாம் மாற்றியே ஆக வேண்டும் என்கிறாள். மற்ற இருவரும் சரி என்கிறார்கள். நான் இந்த கேமை நேசிக்க ஆரம்பித்தது அந்த இடத்தில்.

ஏன் இன்றைக்கு என்றால், இந்த கேம் உங்கள் நேரத்தை மதிக்கிறது. இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடியும். லெவல் ஏற்றுவதற்காக ஒரே புல்வெளியில் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை. அதோடு, நீங்கள் செய்கிற சின்னச் செயலைக்கூட அது பொருட்படுத்துகிறது. அடுத்த பதிலில் அதைத்தான் சொல்கிறேன்.

திருவிழாவில் மேஜை மேல் இருந்த சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டேன். ரொம்ப நேரம் கழித்து, நீதிமன்றத்தில் அதற்குச் சாட்சி வந்து நிற்கிறார்! இதெல்லாம் முன்பே எழுதி வைத்ததா, இல்லை என் விளையாட்டைப் பார்த்து மாறுகிறதா?
– இல்லத்தரசி, நாமக்கல்

உங்கள் விளையாட்டைப் பார்த்துத்தான் மாறுகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் இந்த கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி அந்த வழக்குதான்.

என்ன நடக்கிறது என்று மற்றவர்களுக்கும் சொல்கிறேன். கி.பி. 600-க்குப் போய் மார்லை மீட்டு அரண்மனைக்குக் கூட்டி வந்தால், இளவரசியைக் கடத்திவிட்டான் என்று க்ரோனோவையே கைது செய்கிறார்கள். ஆமாம், மார்ல்தான் இளவரசி. மந்திரி குற்றம் சாட்டுகிறார், பியர் என்ற வக்கீல் க்ரோனோவுக்காக வாதாடுகிறார், ஜூரிகள் ஏழு பேர். அவர்கள் பார்ப்பது உங்கள் குணத்தை. அதற்கு ஆதாரம் திருவிழாவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது.

மோதி விழுந்தபோது முதலில் மார்லிடம் பேசினீர்களா, தரையில் கிடந்த பதக்கத்தை எடுக்கப் போனீர்களா? பதக்கத்தை முதலில் எடுத்தால் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். மெல்கியோர் என்ற வாள் வியாபாரி அந்தப் பதக்கத்தை விலைக்குக் கேட்பார், விற்கலாமே என்று சொன்னீர்களா? மிட்டாய்க் கடையில் அவள் யோசித்து நின்றபோது பொறுமையாக நின்றீர்களா, இழுத்துக்கொண்டு போனீர்களா? ஒரு சின்னப் பெண் தன் பூனையைத் தொலைத்துவிட்டு நிற்பாள். பூனையிடம் பேசினால் அது உங்கள் பின்னாலேயே வரும். கொண்டுபோய் விட்டால் அந்தக் குழந்தை நீதிமன்றத்துக்கு வந்து உங்களுக்காகச் சொல்லும். நீங்கள் சாப்பிட்டது ஒரு தாத்தாவின் மதிய உணவு. அவரும் வருவார்!

வீடியோ கேம் விளையாடிப் பழகிய கை, மேஜை மேல் எது இருந்தாலும் எடுக்கும். பெட்டி இருந்தால் திறக்கும், யார் வீடு என்று பார்க்காது. எல்லா கேம்களும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன. 1995-இல் ஒரு கேம் அந்தப் பழக்கத்தையே கூண்டில் ஏற்றி, ‘அது யாருடைய சாப்பாடு?’ என்று கேட்டது. கேட்கப்போகிறோம் என்று முன்கூட்டி ஒரு சைகைகூடக் காட்டவில்லை.

தீர்ப்பு எதுவானாலும் சிறைக்குத்தான் போவீர்கள். நிரபராதி என்று வந்தாலும், இளவரசியை வெளியே கூட்டிப் போனதற்காக மூன்று நாள் உள்ளே இருக்கச் சொல்வார்கள். மந்திரி அதையே மரண தண்டனையாக மாற்றிவிடுவார். அதனால் கதை கெட்டுப்போகுமோ என்று பயப்பட வேண்டாம். இன்னொன்று: சிறையில் சும்மா நாளை ஓட்டினால் கடைசி நேரத்தில் லூக்கா வந்து காப்பாற்றுவாள். நீங்களே தப்பித்தால் அவளை வழியில் சந்திப்பீர்கள். நீங்கள் தப்பிப்பதே நல்லது. அங்கே இருக்கும் பெட்டிகளை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

என் மகன் ‘மாறி மாறி அடிக்கிற சண்டை போரடிக்கிறது’ என்கிறான். அவனுக்கு எப்படி விளக்குவது?
– அரசு ஊழியர், திருநெல்வேலி

முதல் காட்டுக்குள் போகும்வரை பொறுக்கச் சொல்லுங்கள் சார். அந்தக் காலத்து கேம்களில் நடந்துகொண்டே இருக்கும்போது திரை சட்டென்று மாறி, எங்கிருந்தோ எதிரி வந்து நிற்பான். இதில் அப்படி இல்லை. எதிரிகள் நீங்கள் நடக்கும் இடத்திலேயே திரிகிறார்கள். சிலரைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், சிலர் புதரிலிருந்து பாய்வார்கள். சண்டை வந்தால் அதே இடத்தில், அதே மரத்தடியில் வாளை உருவுகிறார்கள். உலக வரைபடத்தில் நடக்கும்போது சண்டையே கிடையாது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிரம்பும். நிரம்பியவருக்குக் கட்டளை கொடுக்கலாம். நீங்கள் யோசிக்கிற நேரத்தில் எதிரி காத்திருக்க மாட்டான். இந்த முறையை 1991-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 4-க்காக ஹிரோயுகி இதோ வடிவமைத்தார், ஸ்கொயர் நிறுவனம் அதையே இங்கே மெருகேற்றியது. பதற்றமாக இருந்தால் அமைப்புகளில் ‘வெயிட்’ என்று வைத்துக்கொண்டால் போதும், டெக் (சிறப்புத் தாக்குதல்) பட்டியலோ பொருள் பட்டியலோ திறந்திருக்கும்போது நேரம் நின்றுவிடும். ஆரம்பத்தில் இதையே வையுங்கள்.

உங்கள் மகன் கவனிக்க வேண்டியது எதிரிகள் நிற்கும் இடம். அவர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். க்ரோனோவின் சைக்ளோன் என்ற டெக் ஒரு வட்டத்துக்குள் இருப்பவர்களை மட்டும் அடிக்கும். லூக்காவின் தீ ஒரே கோட்டில் போகும். மூன்று பேர் ஒன்றுசேரும் வரை ஒரு நொடி பொறுத்தால் ஒரே அடியில் மூவரும் காலி. பட்டை நிரம்பியும் அடிக்காமல் காத்திருப்பது, ‘இப்போ!’ என்று பட்டனைத் தட்டுவது, இதில் இருக்கும் பரபரப்பு அவனுக்குப் பிடிக்காமல் போகாது.

அப்புறம் கூட்டு டெக். இரண்டு பேருக்கும் பட்டை நிரம்பியிருந்தால் அவர்கள் தனித்தனியாகக் கற்றதைச் சேர்த்துச் செய்யலாம். க்ரோனோவின் சைக்ளோனும் தவளை உருவ வீரன் ஃப்ராக்கின் வாள் வீச்சும் சேர்ந்தால் இருவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து பாய்ந்து எதிரி மேல் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். அதே சைக்ளோன் மார்லின் சிகிச்சையோடு சேர்ந்தால் எல்லோருக்கும் உயிர் ஏறும். லூக்காவின் நெருப்பும் மார்லின் பனியும் சேர்ந்தால் வேறொன்று. மூவர் சேர்ந்து செய்வதும் உண்டு. யாரைக் கூட்டிப் போகிறீர்களோ அதைப் பொறுத்துச் சண்டையே மாறுவதால், ஏழு பேரையும் மாற்றி மாற்றி எடுங்கள். வெளியே காத்திருப்பவர்களுக்கும் அனுபவப் புள்ளி ஓரளவு சேரும். டெக் புள்ளி மட்டும் களத்தில் நிற்பவர்களுக்கே.

ஒவ்வொரு பாஸிடமும் தோற்கிறேன். லெவல் ஏற்ற வேண்டுமா?
– வாசகி, காரைக்கால்

வேண்டாம். நின்று பாருங்கள், எதிரி சொல்வதைப் படியுங்கள். இந்த கேமில் பெரும்பாலான பாஸ்கள், அதாவது முக்கிய இடங்களில் வழிமறிக்கும் பெரிய எதிரிகள், தங்கள் ரகசியத்தைத் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

சிறையிலிருந்து தப்பும்போது வரும் டிராகன் டாங்கியில் தலை, உடல், சக்கரம் என்று மூன்று பாகம். தலைதான் மற்றதைச் சரிசெய்துகொண்டே இருக்கும். முதலில் தலையை முடியுங்கள். குகையில் வரும் ஹெக்ரான், ‘எங்கே, அடித்துப் பார்!’ என்பான். அப்போது அடித்தால் திருப்பி வாங்குவீர்கள். அவன் அந்த நிலையை விடும் வரை கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள், வேண்டுமானால் அந்த நேரத்தில் மருந்து கொடுங்கள். 6.5 கோடி வருஷம் முந்தைய காலத்தில் வரும் டைனோசர்களுக்கு மின்னல் ஆகாது. நிஸ்பெல்லின் தோல் இரும்பு மாதிரி இருக்கும், மின்னல் பட்டதும் இளகும். அதனால் அங்கே க்ரோனோவை மந்திரத்துக்கும், அந்தக் காலத்துப் பெண் எய்லாவை அடிப்பதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

மேகஸ் கோட்டையில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மந்திரவாதி மேகஸ் தன்னைச் சுற்றித் தடுப்பு போட்டு அதை மாற்றிக்கொண்டே இருப்பான். அவன் எந்த மந்திரத்தை உங்கள் மேல் போடுகிறானோ, அந்த நேரத்தில் அதே வகைதான் அவனைக் காயப்படுத்தும். நெருப்புப் போட்டால் லூக்காவின் நெருப்பு. ஃப்ராக் கையில் இருக்கும் மசமூனே வாளால் அடித்தால் அவனுடைய மந்திரத் தடுப்பு பலவீனமாகும். கடைசிக் கட்டத்தில் தடுப்பை விட்டுவிட்டுப் பெரிய மந்திரத்துக்குத் தயாராவான், அப்போது எல்லோருக்கும் உயிர் நிறைய வைத்துக்கொண்டு முழு பலத்தோடு அடியுங்கள். அந்தச் சண்டைக்கு முன் வரும் இருட்டையும், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதையும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

மந்திரம் எங்கே கிடைக்கும்?
– பள்ளி மாணவன், விருதுநகர்

காலத்தின் முடிவு என்று ஓர் இடம் வரும். விளக்குக் கம்பத்தடியில் ஒரு முதியவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவருக்குப் பக்கத்துக் கதவுக்குள் மந்திரம் தரும் ஸ்பெக்கியோ இருப்பான். அறையின் சுவரையொட்டி, கதவில் தொடங்கி, கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று முறை சுற்றிவிட்டு அவனிடம் பேசு தம்பி. எய்லாவுக்குக் கிடைக்காது. மனிதர்களுக்கு மந்திரம் வருவதற்கு முன்பே பிறந்தவள் அவள்.

பத்து வயது மகளும் நானும் சேர்ந்து விளையாடுகிறோம். ரோபோவைக் காட்டில் விட்டுவிட்டு வந்த இரவு அவள் தூங்கவே இல்லை. அவனை விடாமல் இருக்க வழி உண்டா?
– தந்தை, கோயம்புத்தூர்

விடாமலே கேமை முடிக்கலாம், அது கட்டாயமில்லாத கதை. ஆனால் விட்டுவிட்டு வந்துவிட்டீர்கள், அது நல்லதுதான். மகளிடம் சொல்லுங்கள், ரோபோ அந்த வேலையை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டான்.

கி.பி. 600-இல் பாலைவனமாகிவிட்ட நிலத்தில் மறுபடி மரம் வளர்க்க ஃபியோனா என்ற பெண் போராடுகிறாள். அவள் ஆயுளில் முடியாத வேலை. ரோபோ இயந்திரம், அவனால் காத்திருக்க முடியும். அவனை அங்கே விட்டுவிட்டு நீங்கள் காலக்கப்பலில் ஏறிக் கி.பி. 1000-க்குப் போகிறீர்கள். உங்களுக்குச் சில நிமிஷம், அவனுக்கு 400 வருஷம். போய் இறங்கினால் பாலைவனம் இருந்த இடத்தில் காடு. நடுவில் ஒரு கோயில். அதில் ரோபோவை வைத்து வணங்குகிறார்கள். லூக்கா அவனைப் பழுது பார்த்து எழுப்புகிறாள்.

காலப் பயணத்தை வைத்துக் கதை சொன்னவர்கள் நிறைய. பயணம் போகாமல் அந்தக் காலத்தை ஒவ்வொரு நாளாக வாழ்ந்தே கடந்தவனை எதிரே நிறுத்தியது எனக்குத் தெரிந்து இந்த கேம்தான். எனக்கு ரோபோ என்றாலே அந்தக் காடுதான்.

அன்றிரவு எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அதைத் தொடர்ந்து லூக்கா மட்டும் எழுந்து போவாள், அவளுக்கு ஒரு சிவப்பு வாசல் திறக்கும். போய்ச் சேருவது அவள் சின்னப் பெண்ணாக இருந்த நாள், அவளுடைய அம்மா இயந்திரத்தில் சிக்கி நடக்க முடியாமல் போன நாள். இயந்திரத்தை நிறுத்தக் கடவுச்சொல் வேண்டும். அது அம்மாவின் பெயர், லாரா. சூப்பர் நின்டென்டோவில் அந்தப் பெயரைத் திரையில் எழுத வேண்டியதில்லை, கையில் இருக்கும் பட்டன்களிலேயே எல், ஏ, ஆர், ஏ என்று அழுத்த வேண்டும். நேரம் மிகக் குறைவு, ஒரே வாய்ப்பு. உங்கள் மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அவள் கையால் அழுத்தட்டும். சரியாக அழுத்தினால் லூக்காவின் வீட்டில் அம்மா எழுந்து நடப்பார்.

போரே ஊரில் காய்ந்த இறைச்சி 9,900-க்கு விற்கிறார்கள். ஏமாற்று வேலையா?
– கடை உரிமையாளர், கும்பகோணம்

வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு கி.பி. 600-இல் அதே ஊரிலிருக்கும் மூத்தவர் வீட்டுக்குப் போனால், அந்த அம்மா 10,000 தருகிறேன் என்பார். நூறு லாபம். விற்காமல் சும்மா கொடுத்துவிடுங்கள். தாராளமாக இருக்க வேண்டும் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பேன் என்பார் அவர். 400 வருஷம் கழித்து அந்த ஊர் மேயராக இருக்கும் கஞ்சன் ஆளே மாறியிருப்பார். உங்களுக்குத் தேவையான கல்லை, அவர் எடுத்து ஒளித்து வைத்ததை, கையில் கொடுத்துவிடுவார். கடை நடத்துகிறவர் நீங்கள், அந்த நூறை விட்டுக்கொடுக்கும் இடம் உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

மூடி முத்திரையிட்ட கறுப்புப் பெட்டிகளுக்கும் இதே கணக்கு. பதக்கத்துக்குச் சக்தி ஏற்றிய பிறகு கி.பி. 600-இல் திறந்தால், எடுக்கவா என்று சில பெட்டிகள் கேட்கும். ‘இல்லை’ சொல்லுங்கள். கி.பி. 1000-க்குப் போய் அதே பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தது மேம்பட்டிருக்கும். அதை எடுத்துக்கொண்டு, திரும்பி 600-க்குப் போய் முதலில் விட்டதையும் எடுக்கலாம். வரிசை மாறினால் ஒன்றுதான் கிடைக்கும்.

இதை உருவாக்கியவர்கள் யார்? படங்கள் டிராகன் பால் மாதிரி இருக்கிறதே?
– ஓவிய மாணவி, புதுச்சேரி

கை அதேதான், அகிரா தோரியாமாவின் கை. ஃபைனல் ஃபேன்டஸியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி ஸ்கொயரில் இருந்தார். டிராகன் குவெஸ்ட்டை உருவாக்கிய யூஜி ஹோரி போட்டி நிறுவனமான எனிக்ஸுக்கு எழுதிக்கொண்டிருந்தார், அதற்கும் படம் தோரியாமாதான். ஜப்பானையே கட்டிப்போட்ட இரண்டு கேம் வரிசைகளின் மூளைகள். 1992-இல் கணினி வரைகலையைப் பார்க்க மூவரும் சேர்ந்து அமெரிக்கா போனார்கள், யாரும் செய்யாத ஒன்றைச் செய்வோம் என்ற பேச்சு அங்கே தொடங்கியது. 1995 மார்ச் 11-இல் சூப்பர் ஃபேமிகாமில் (சூப்பர் நின்டென்டோவின் ஜப்பானியப் பெயர்) வந்தது. கதையின் பெரும் பகுதியை எழுதியவர் மசாதோ காதோ. ஸ்கொயரும் எனிக்ஸும் ஒரே நிறுவனமானது 2003-இல்தான்.

நானும் படம் வரைந்து பிழைப்பவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஏழு பேரையும் முழுக் கறுப்பில் நிழலாக வரைந்து பார். முள்ளு முடி, தலைக்கவசமும் கண்ணாடியும், தவளை முதுகில் போர்வை, பீப்பாய் உடம்பு, ஒருவரையும் இன்னொருவரோடு குழப்ப முடியாது. மிகச் சிறிய புள்ளிப் படத்தில்கூட அடையாளம் நிற்கிறது என்றால் காரணம் அந்த உருவங்கள்தான். தோரியாமா 2024 மார்ச் 1-இல் காலமானார். செய்தி வந்த அன்று நான் ஃப்ராக்கை வரைந்தேன்.

இசைக்கு ஏன் இவ்வளவு புகழ்?
– வாசகர், யாழ்ப்பாணம்

யசுனோரி மிட்சுதா அதுவரை ஸ்கொயரில் ஒலிகளை உருவாக்கிக்கொண்டிருந்தவர். இசையமைக்க விடவில்லை என்றால் வேலையை விடுகிறேன் என்று சகாகுச்சியிடம் சொல்லி வாங்கிய வாய்ப்பு இது. உடம்பு தாங்காத அளவுக்கு உழைத்து, வயிற்றுப் புண்ணோடு படுத்துவிட்டார். மீதியை நொபுவோ உயெமட்சு முடித்துக் கொடுத்தார். கி.பி. 600-இன் வரைபடத்தில் ஒலிக்கும் இசையைக் கேட்டபடி சும்மா நில்லுங்கள். கி.மு. 12000-இல், மேகங்களுக்கு மேல் மிதக்கும் ஸீல் நாட்டில் ஒலிப்பதில் நம் காதுக்குப் பழக்கமான சிதார் சாயல் ஒன்று இருக்கும்.

எத்தனை முடிவுகள்? எது உண்மையான முடிவு?
– ஐ.டி. ஊழியர், சென்னை

பத்துக்கும் மேல். லாவோஸை எப்போது வீழ்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். முடித்த பிறகு ‘நியூ கேம் பிளஸ்’ என்று ஒன்று வரும். உங்கள் லெவல், டெக், ஆயுதங்களோடு கதையை முதலிலிருந்து தொடங்கலாம். இன்று எத்தனையோ கேம்களில் இருக்கும் அந்தப் பெயரே இங்கிருந்து போனதுதான். கதை பாதியில் இருக்கும்போதே லாவோஸை முடித்தால் அந்த இடத்தில் வரலாறு எப்படித் திரும்பியிருக்கும் என்று காட்டும். மிகச் சீக்கிரமாக முடித்தால் கேமை உருவாக்கியவர்களே ஓர் இடத்தில் கூடியிருப்பார்கள், ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசலாம்.

உண்மையான முடிவு என்று நான் சொல்வது, எல்லோருடைய கதையையும் தீர்த்துவிட்டு, ஏழு பேரோடும் போய் முடிப்பது. முதல் முறை அப்படி முடியுங்கள். வழிகாட்டி பார்க்க வேண்டாம். நடுவில் ஒரு பெரிய அடி விழும், அங்கே மட்டும் எவரிடமும் எதுவும் கேட்காதீர்கள். காலத்தின் முடிவிலிருக்கும் முதியவரிடம் பேசினால் போதும்.

எதில் விளையாடலாம்? முடித்த பிறகு என்ன?
– பல வாசகர்கள்

ஐபோனில் 2011 முதலும் ஆண்ட்ராய்டில் 2012 முதலும் இருக்கிறது. கணினிக்கு, ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2018-இல் வந்தது. முதலில் வந்த வடிவம் மோசம் என்று எல்லோரும் திட்டினார்கள், அதன் பிறகு பல முறை திருத்தி இப்போது நன்றாகவே இருக்கிறது. நான் விளையாடுவது 2008-இல் வந்த நின்டென்டோ டிஎஸ் வடிவம், அக்கா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இரண்டு திரைகளில் கட்டளைகள் கீழே போய்விடுவதால் சண்டையில் மேல் திரை முழுக்கப் படம்தான். பழைய டிஎஸ் கிடைத்தால் அதுவே என் தேர்வு. தமிழில் எதிலும் இல்லை. ஆங்கிலம் எளிமையானது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துவிடுவார்கள்.

அடுத்து, 1992-இல் வந்த டிராகன் குவெஸ்ட் 5. ஒரு சிறுவன் வளர்ந்து, கல்யாணம் செய்து, தகப்பனாகும் வரை ஒரு முழு வாழ்க்கை. யாரைக் கல்யாணம் செய்வது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். என் ஓட்டு பியான்காவுக்கு. கோயம்புத்தூர் தந்தையும் மகளும் சேர்ந்து விளையாடுவதற்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தோன்றவில்லை. முடித்துவிட்டு யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.